மே ஊ ஏ தோங்க் ஓர்னிகார்

கோடை விடுமுறைக்குப் பேத்தி வந்திருக்கிறாள். ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். விடுமுறை என்று பெயர்தானே தவிர, பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். போன வாரம் அதில் ஆங்கில இலக்கணத் தாளை எடுத்துக்கொண்டு என் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“தாத்தா, ஃபேன்பாய்ஸ் தெரியுமா?”

ஏதோ சினிமா ரசிகர் மன்றம் என்று நினைத்தேன். இல்லையாம். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களைச் சமமாக இணைக்கும் சொற்கள் ஏழு: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. அவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஃபேன்பாய்ஸ் என்று வரும். மறக்காமல் இருக்க இப்படி ஒரு சூத்திரம்.

நான் சிரித்துவிட்டேன். அறுபத்தைந்து வருடத்துக்கு முன் எங்களுக்கும் ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். “மே ஊ ஏ தோங்க் ஓர்னிகார்?” பிரெஞ்சில் இதற்கு, ‘ஆமாம், இந்த ஓர்னிகார் எங்கேதான் போனான்?’ என்று அர்த்தம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள். மே, ஊ, ஏ, தோங்க், ஓர், னி, கார் என்று பிரித்தால் அங்கேயும் ஏழு இணைப்புச் சொற்கள் கிடைக்கும்.

நண்பர்களில் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் புதுச்சேரிக்காரன். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கை மாறியபோது நான் கைக்குழந்தைப் பருவம் தாண்டியிருந்தேன். சட்டப்படி முழுமையாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். இடையிலும் பின்னாலும் பிரெஞ்சு வழிப் பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. அப்பா என்னை அதில்தான் சேர்த்தார். வகுப்பில் முசியே இந்த வரியைச் சொல்லிக் கொடுத்த நாளில் எங்கள் பெஞ்சில் ஒரே விவாதம், யார் இந்த ஓர்னிகார் என்று. என் பக்கத்தில் இருந்தவன் கடைசியில் தீர்ப்புச் சொன்னான்: “சைகோனுக்குப் போயிருப்பான்டா.” அப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சைகோனில் இருந்தார். காணாமல் போனவன் வேறு எங்கே போயிருப்பான்?

பேத்தியின் தாளின் பின்பக்கத்தில் இரண்டு ஏழையும் எதிரெதிரே எழுதினேன். ‘மே’ என்றால் பட். ‘ஊ’ என்றால் ஆர். ‘ஏ’ என்றால் அண்ட். ‘தோங்க்’ என்றால் ஸோ. ‘னி’ என்றால் நார். ‘கார்’ என்றால் ஃபார். ஆறு ஜோடி சேர்ந்துவிட்டது. பிரெஞ்சுப் பக்கம் ‘ஓர்’ தனியாக நின்றது. ஆங்கிலப் பக்கம் ‘யெட்’ தனியாக நின்றது. இத்தனை வருடம் இரண்டு மொழியையும் வைத்துக்கொண்டு குப்பை கொட்டியிருக்கிறேன், இது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

அந்தத் தனியாக நின்ற ‘ஓர்’ என் மானத்தை வாங்கிய சொல்.

1971-ல் அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன். வேலை முழுக்க ஆங்கிலத்தில். எனக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதச் சொன்னால் மூன்று பக்கம் எழுதுவேன். ஆங்கிலம் என்றால் மனசுக்குள் பிரெஞ்சில் எழுதி, அதை ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலமாக்கிப் போடுவேன். பிரெஞ்சில் வாதம் அடுக்கும்போது ‘ஓர்’ என்று தொடங்குவது அழகு. ‘இப்படியிருக்க’, ‘இங்கே கவனிக்க வேண்டியது’ என்பது போல. எழுத்தும் ஆங்கில ‘ஆர்’ எழுத்தேதான், அதே இரண்டெழுத்து. ஒரு ஃபைலில் நோட் போட்டேன்: மனுதாரர் விலக்குக் கேட்கிறார் என்று ஒரு வாக்கியம். அடுத்த வாக்கியம், ‘ஆர் தி அப்ளிகன்ட் ஹாஸ் நாட் பெய்ட் தி ஃபீ.’ இப்படியிருக்க மனுதாரர் கட்டணம் கட்டவில்லை என்று நான் நினைத்துக்கொண்டு எழுதியது, ‘அல்லது மனுதாரர் கட்டணம் கட்டவில்லை’ என்று ஆகிவிட்டது.

எங்கள் சூப்பரின்டென்டென்ட் மதராஸ் பக்கம் படித்தவர். ஃபைலைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்தார். “ஏம்ப்பா, கட்டினாரா, அல்லது கட்டலியா? கவர்ன்மென்ட்டுக்கே நீ சாய்ஸ் குடுக்குறியா?” செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் மனிதர் நல்லவர். மாலையில் எல்லோரும் போன பிறகு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்றதைத்தான் இன்றைக்குப் பேத்திக்குச் சொன்னேன், கொஞ்சம் என் சரக்கும் சேர்த்து.

அவர் முதலில் ஒரு நுகத்தடி வரைந்தார். “அண்ட், பட், ஆர் எல்லாம் நுகத்தடிப்பா. ரெண்டு பக்கமும் மாடு பூட்டணும். ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் ஆடு பூட்டினா வண்டி ஓடாது.” நான் எழுதியிருந்தது, ‘டு செக் தி பில்ஸ் அண்ட் சைனிங் தி ரெஜிஸ்டர்.’ டு செக் என்றால் அந்தப் பக்கம் டு சைன் வர வேண்டும். செக்கிங் என்றால் சைனிங். பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல், வாக்கியத்துக்கு வாக்கியம். இது எனக்கு உடனே பிடிபட்டது, பிரெஞ்சிலும் அப்படித்தான்.

பிடிபடாதது காற்புள்ளி. அண்டுக்கு முன்னால் எப்போது கமா போடுவது, எப்போது போடக்கூடாது? புத்தகம் என்ன சொல்கிறது என்றால், இரண்டு பக்கமும் எழுவாயும் வினையும் உள்ள முழு வாக்கியம் இருந்தால் கமா போடு, இரண்டாவது பக்கம் எழுவாய் இல்லாமல் வினை மட்டும் இருந்தால் போடாதே. ‘ஹி கேம், அண்ட் ஐ லெஃப்ட்.’ கமா உண்டு. ‘ஹி கேம் அண்ட் சாட் டவுன்.’ கமா இல்லை. சூப்பரின்டென்டென்ட் இதைப் பத்துத் தடவை சொன்னார். எனக்கு ஃபைலைப் பார்த்தால் மறந்துவிடும்.

எப்படியோ ஒருநாள் எனக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தமிழில் சொல்லிப் பார்ப்பது. ‘அவர் வந்து உட்கார்ந்தார்.’ வந்து என்று எச்சமாக ஒட்டிக்கொள்கிறது, ஒரே ஆள் செய்த இரண்டு வேலை. அங்கே கமா வேண்டாம். ‘அவர் வந்தார், நான் கிளம்பினேன்.’ இங்கே ‘அவர் வந்து நான் கிளம்பினேன்’ என்று சொல்ல நாக்கு வராது. இரண்டு வினைமுற்று தேவைப்படுகிறது, ஆள் வேறு. அங்கே கமா போடு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போக முயன்று தடுக்கி விழுந்தவனுக்கு, வீட்டில் அம்மா பேசிய தமிழ் வழியாகப் போனதும் பாதை தெரிந்தது. பேத்தி இதைக் கேட்டுவிட்டு, “எங்க மிஸ்ஸுக்கு இது தெரியாது தாத்தா” என்றாள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

கமா அலங்காரத்துக்கு இல்லை என்பதற்கு ‘ஃபார்’ நல்ல சாட்சி. பிரெஞ்சு ‘கார்’ எனக்குக் கைவந்த சொல், ஏனெனில் என்ற பொருள், அதனால் ஆங்கிலத்தில் ஃபாரை அள்ளித் தெளிப்பேன். ‘தி ஃபைல் இஸ் ரிட்டர்ன்ட் ஃபார் தி சிக்னேச்சர் இஸ் மிஸ்ஸிங்.’ படிக்கிறவர் ‘கையெழுத்துக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று பாதி தூரம் போய், பிறகு இஸ் மிஸ்ஸிங் வந்ததும் முட்டிக்கொண்டு திரும்புவார். ஃபாருக்கு முன்னால் ஒரு கமா போட்டால் முட்டல் இல்லை. பேச்சில் இப்போது யாரும் இப்படி ஃபார் சொல்வதில்லை, பிகாஸ் என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். அதுவே நல்லது.

நார் விஷயம் வேறு. அது வந்தால் பின்னால் வருகிற எழுவாயும் துணைவினையும் இடம் மாறிக்கொள்ளும். ‘ஹி டிட் நாட் கம், நார் டிட் ஹி ரைட்.’ நார் ஹி டிட் என்று எழுதினால் தப்பு. வரவும் இல்லை, கடிதம் போடவும் இல்லை என்று நாம் இரண்டு ‘உம்’மில் முடித்துவிடுகிறோம். இன்னொன்று நம்மவர்கள் எல்லோரும் செய்வது: ‘ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் ஹி கேம்.’ ஆல்தோ ஒன்றே போதும், இல்லாவிட்டால் பட் ஒன்றே போதும். ‘மழை பெய்தாலும்... ஆனால்’ என்று பேசிப் பழகிய வாய், விடாது.

அண்ட், பட் போட்டு வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று பேத்தியின் மிஸ் சொல்லியிருக்கிறாராம். எங்கள் சூப்பரின்டென்டென்டும் அப்படித்தான் சொன்னார், அரசாங்கக் கடிதத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் 1611-ல் வந்த ஆங்கில பைபிளின் முதல் அதிகாரத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். 31 வசனத்தில் 29 அண்டில் தொடங்குகின்றன, ஒன்று ஸோவில். இதைப் பேத்தியிடம் சொன்னேன், மிஸ்ஸிடம் சொல்லாதே என்றும் சொன்னேன்.

இவ்வளவும் கற்ற பிறகு, 1974-ல், நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

பாகூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா. கணவர் தினக்கூலியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறந்துவிட்டார். அவர் பெயரில் வர வேண்டிய நிலுவை நானூற்றுச் சொச்சம் ரூபாய். அந்தக் காலத்தில் பெரிய தொகை. மனு வந்தது, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று பதில் எழுத வேண்டியது என் வேலை. இறப்புச் சான்றிதழ் கட்டாயம். அதோடு, அவர் மனைவிதான் என்பதற்கு ரேஷன் கார்டு, அது இல்லையென்றால் நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம். நான் எழுதினேன்: ‘டெத் சர்டிஃபிகேட் அண்ட் ரேஷன் கார்டு ஆர் அஃபிடவிட்.’ ஒரு கமாகூட இல்லை. சூப்பரின்டென்டென்ட் அன்றைக்கு லீவு. மேலே கையெழுத்தாகித் தபாலில் போய்விட்டது.

அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஊரில் யாரோ படித்தவரிடம் காட்டியிருக்கிறார். அவர் படித்துச் சொன்னார்: “இறப்புச் சான்றிதழும் ரேஷன் கார்டும் குடுக்கணும், அல்லது பிரமாணப் பத்திரம் மட்டும் குடுத்தாப் போதும்.” அவர் படித்தது தப்பே இல்லை. என் வாக்கியத்தை அப்படியும் படிக்கலாம். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காமல் விட்டிருந்தது, அதனால் அந்த அம்மா கடன் வாங்கி, ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி, நோட்டரிக்குக் கொடுத்து, பிரமாணப் பத்திரம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். கவுன்ட்டரில் இருந்தவர் இறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். இறப்பைப் பதிவு செய்ததில் பெயரில் ஏதோ எழுத்துப் பிழை, அதைத் திருத்த அலைந்து, மறுபடி வந்தார். அதற்குள் நிதியாண்டு முடிந்து, ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விட்டது. மறுபடி ஒதுக்கீடு, மறுபடி ஃபைல். பணம் கைக்குப் போக ஏழு மாதம் ஆனது.

மூன்றாவது தடவை அவர் வந்தபோதுதான் கவுன்ட்டரில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அவர் சத்தம் போடவில்லை. கவுன்ட்டர்க்காரர்தான். அந்த அம்மா என் கடிதத்தை நான்காக மடித்து, மடிப்பு கிழிந்துபோனதைச் சோறு வைத்து ஒட்டி வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். எழுதியவன் நான் என்று அதில் எங்கும் இல்லை, கீழே அதிகாரியின் கையெழுத்துதான். ஒரு ‘ஐதர்’ போட்டிருக்கலாம். ‘டெத் சர்டிஃபிகேட், அண்ட் ஐதர் ரேஷன் கார்டு ஆர் அஃபிடவிட்.’ ஒரு சொல், ஒரு கமா. பிரெஞ்சில் எழுதியிருந்தால் ‘சுவா... சுவா...’ என்று இரண்டு பக்கமும் கட்டியிருப்பேன், சந்தேகமே வந்திருக்காது.

அன்று மாலை சூப்பரின்டென்டென்டிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. தாளை வாங்கி அண்டைச் சுற்றி ஒரு வட்டம், ஆரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “நுகத்தடி ரெண்டு இருக்கு. எந்த மாட்டை எதுல பூட்டினேன்னு நீதானே சொல்லணும்?” என்றார். பிறகு அவரே சொன்னார், சட்டம் எழுதுகிறவர்களுக்கே இது நேர்கிறதாம். 1968-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் ஒரு வழக்குப் போனது. மருந்துகள் சட்டத்தில் மருந்து என்றால் எது என்று விளக்கும் இடத்தில் ஒரு அண்ட். அதை அங்கே ‘அல்லது’ போலப் பிரித்துத்தான் படிக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சட்டத்துக்கு நீதிபதிகள் இருந்தார்கள். என் கடிதத்துக்கு பாகூரில் ஒரு படித்தவர்தான் இருந்தார்.

ஃபைலை நானே கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய் முடித்தேன். அதில் பெருமை இல்லை.

பணம் வாங்கிய மறுவாரம் அந்த அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். ஒரு துணிப்பை நிறைய அவித்த மல்லாட்டை. “உங்களாலதான் ஐயா காசு வந்துச்சு. நீங்க நல்லா இருக்கணும்.” வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை. செக்‌ஷனில் எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். நானும்தான் சாப்பிட்டேன்.

பேத்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பென்சிலைக் கடித்தபடி கேட்டாள்: “அந்தப் பாட்டிகிட்ட சாரி சொன்னீங்களா, தாத்தா?”

“இல்லம்மா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளே கேட்டாள்: “லெட்டரைத் தமிழ்லயே எழுதியிருக்கலாம்ல?”

எழுதியிருக்கலாம். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அப்போது எங்களுக்கு அது பழக்கமில்லை. எனக்கோ பேசுகிற தமிழ்தான் வரும், எழுதுகிற தமிழ் வராது. பணியில் சேர்ந்து பத்து வருடம் கழித்துத்தான் ஒழுங்காகத் தமிழ் எழுதவே பழகினேன். நீங்கள் இப்போது படிக்கிற இந்தத் தமிழ் அப்படி வந்ததுதான்.

அவள் விளையாடப் போன பிறகு, அந்தத் தாளின் பின்பக்கத்தில், இரண்டு ஏழுக்கும் கீழே, அந்தக் கடிதத்தின் வரியை எழுதிப் பார்த்தேன். ‘இறப்புச் சான்றிதழும், அத்துடன் ரேஷன் கார்டு, பிரமாணப் பத்திரம் இரண்டில் ஏதாவது ஒன்றும் கொண்டுவரவும்.’ இரண்டே ‘உம்’. எழுதி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.